காய்ச்சலை மறைக்கத் தேவையில்லாத பள்ளி



தம் வாழ்நாளெல்லாம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியையின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. குழந்தையின் படிப்பையும் உடம்பையும் சேர்த்துப் பேச ஆண்டுக்கு ஒரு நாளாவது வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று சொன்னார்கள். தொற்றுநோய் பரவும் காலத்தில் மாணவர்களுக்கான பள்ளிச் சுகாதார விதிகள் பற்றிப் பேச இந்த முறை என்னை அழைத்திருக்கிறீர்கள். குழந்தைகள் மருத்துவனாகப் பல ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்வந்தவன் நான். எனக்கு இதில் சொல்ல இருப்பது ஒன்றுதான். நோயைத் தடுப்பதற்காக எழுதப்படும் விதி, நோயை மறைக்கத் தூண்டுகிற விதியாகிவிடக் கூடாது. நம்முடைய பள்ளி விதிகள் பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கின்றன.

நமக்குப் பழக்கமான சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், கொப்புளம், கண் சிவப்பு உள்ள மாணவர்களைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. குணமான பிறகு மருத்துவச் சான்றிதழுடன் வர வேண்டும். நோயுற்ற பிள்ளையைக் கொஞ்ச நாள் மற்றவர்களிடமிருந்து பிரித்துவைக்கச் சொல்வதில் மருத்துவப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறது? மருந்து கிடைத்ததா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, எத்தனை நாள் கழித்து வகுப்புக்குத் திரும்பியது? இதற்கெல்லாம் சுற்றறிக்கையில் இடமில்லை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரம் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டுப் பெரும் விலை கொடுத்தது. நியூயார்க்கில் 1897 முதல் பள்ளிக் குழந்தைகளை மருத்துவர்கள் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். கண்ணில் டிரக்கோமா, தலையில் படர்தாமரை, உடம்பில் சொறி சிரங்கு, பேன் என்று எது தென்பட்டாலும் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புலம்பெயர்ந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குப் பகுதியில் அந்தச் சீட்டைப் படிக்கக்கூடிய தாய்மார்கள் குறைவு. படித்தாலும் என்ன செய்வதென்று தெரியாது. பள்ளிக்குள் விடப்படாத பிள்ளைகள் அதே தெருவில், அதே கூட்டாளிகளோடு மாலை வரை விளையாடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு காலியாயிற்று, நோய் குறையவில்லை.

அந்தத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று பணிசெய்துவந்த செவிலியர் லில்லியன் வால்ட். பன்னிரண்டு வயதாகியும் பள்ளிக்குள் கால்வைக்க முடியாமலிருந்த ஒரு சிறுவனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தலையில் கரப்பான். ஒவ்வொரு முறை போகும்போதும் ஆசிரியை திருப்பி அனுப்பிவிடுவார். அவன் தாய் மருந்தகத்தில் களிம்பு வாங்கித்தான் வைத்திருந்தாள்; அதை எப்படித் தொடர்ந்து போடுவதென்று யாரும் சொல்லித்தரவில்லை. வால்ட் சொல்லித்தந்தார், புண் ஆறியது, பையன் பள்ளியில் சேர்ந்தான். அவனைப் பன்னிரண்டு வயது வரை வெளியே நிறுத்தியது கரப்பானா, விதியா என்று கேட்டால் எனக்கு விடையில் சந்தேகமில்லை.

1902 அக்டோபரில் வால்டின் முயற்சியால் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார். சோதனை முயற்சியாக ஒரு மாதத்துக்கு மட்டும். அவர் செய்ததில் புதிய மருத்துவம் எதுவும் இல்லை. சிறிய புண்ணையும் கண் நோயையும் பள்ளியிலேயே சுத்தம்செய்து மருந்திட்டு, பிள்ளையை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். அனுப்பியே ஆக வேண்டிய பிள்ளைகளின் வீட்டுக்கு மாலையில் தாமே போனார். எப்படிக் கழுவ வேண்டும், துணியை எப்படிக் கொதிக்கவைக்க வேண்டும் என்று தாய்க்குச் செய்து காட்டினார். நகரம் விழித்துக்கொண்டு மேலும் செவிலியர்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாக வெளியேற்றப்பட்ட மாணவர்கள் 10,567 பேர். ஓராண்டு கழித்து 1903 செப்டம்பரில் அது 1,101. விதியோடு கூட ஒரு மனுஷி வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

காலை எட்டு மணி. இரவு முழுவதும் பையனுக்கு உடம்பு சுட்டிருக்கிறது. தாய் பனியன் கம்பெனிக்குப் போகிறவள், அல்லது சித்தாள். போகாவிட்டால் அன்றைய கூலி போகும். சொல்லாமல் நின்றால் அடுத்த நாள் வேலையும் போகலாம். பாட்டி ஊரில் இருக்கிறாள். பையன் வீட்டில் தனியாகக் கிடந்தால் காலை உணவும் இல்லை, மதியச் சத்துணவும் முட்டையும் இல்லை. அவள் ஒரு மூடி பாராசிட்டமால் சிரப்பை ஊற்றிக் கொடுத்து, நெற்றியில் விபூதி வைத்து அனுப்பிவிடுகிறாள். காலை வழிபாட்டில் பையன் நன்றாகத்தான் நிற்கிறான். அந்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். நண்பகல் வாக்கில் அவன் மேசைமேல் தலையைச் சாய்க்கிறான். ஆசிரியை கழுத்தில் கைவைத்துப் பார்க்கிறார், கொதிக்கிறது. போன் போகிறது.

"ஏம்மா, இப்படி உடம்பு சுடுதே, ஏன் அனுப்பினீங்க?"

"இல்லீங்க டீச்சர், காலைல நல்லாத்தான் இருந்தான்."

இந்தப் பதிலைக் கேட்காத ஆசிரியர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். அவள் பொய் சொல்கிறாள் என்று நாம் கோபப்படுகிறோம். மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளை பக்கத்துப் பையன் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தானே என்ற கவலை நியாயமானது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவளுக்கு நஷ்டம், மறைத்தால் ஒரு நாள் கூலியாவது மிஞ்சும் என்ற நிலையை உண்டாக்கிவைத்தது யார்? இதோடு "நூறு சதவீத வருகை" என்று மேடையில் கொடுக்கும் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குப் பரிசு. ஒழுங்காக வீட்டில் இருந்த பிள்ளைக்குப் பரிசில்லை. தொற்று பரவும் நாட்டில் ஒரு பள்ளி கொடுக்கக்கூடிய மிகத் தவறான பரிசு அதுதான் என்பேன். அதை நிறுத்த அரசாணை எதுவும் வேண்டியதில்லை. நாளைக்கே நிறுத்தலாம்.

காய்ச்சல் விதியை எப்படி எழுத வேண்டும் என்பதும் இந்தக் காட்சியிலிருந்தே தெரிகிறது. "காய்ச்சல் நின்றபின் வரலாம்" என்று எழுதினால் போதாது. காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வரலாம் என்று எழுத வேண்டும். இன்ஃப்ளுயன்சாவுக்குப் பல இடங்களில் பின்பற்றும் அளவு அது. சிரப்பின் பெயரையே விதியில் போட்டுவிடலாம். அப்போதுதான் தாய்க்குப் புரியும்.

எல்லா நோய்க்கும் ஒரே கணக்கு உதவாது என்பது நம் சுற்றறிக்கைகள் சொல்லாத அடுத்த செய்தி. ஒவ்வொரு கிருமிக்கும் தன் கெடு உண்டு.

சின்னம்மையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம் மக்களிடம் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. அம்மை போட்டுவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். வெளியாள் உள்ளே வருவதில்லை. தாளிப்பு இல்லை. பிள்ளையைத் தனியே வேப்பிலைப் படுக்கையில் விடுகிறார்கள். கொப்புளம் வாடிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுகிறார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வெளியே போவதில்லை. மருத்துவம் என்ன சொல்கிறது? கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை, ஏறக்குறைய ஐந்து நாள் முதல் ஒரு வாரம், தொற்றும். ஊர் வழக்கம் வைக்கும் நாள்கள் அதைவிடக் கூடுதலே தவிரக் குறைவில்லை. பிள்ளையைப் பிரித்துவைப்பதில் ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. அந்த வழக்கத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் மருத்துவர்கள், ஆசிரியர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. வேப்பிலை கட்டிய வீட்டு வாசலில் நின்று "எத்தனாவது தண்ணி ஆச்சும்மா?" என்று மரியாதையாகக் கேட்கத் தெரிந்த செவிலியருக்கு அந்த வீடு எல்லாவற்றையும் சொல்லும். அதன்பிறகு, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து மயங்கினாலோ அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்று அவர் சொன்னால் கேட்பார்கள். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றாலும் கேட்பார்கள்.

ஊர் வழக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதே வீட்டு அண்ணனும் தங்கையும் வழக்கம்போல் பள்ளிக்கு வந்துகொண்டிருப்பார்கள். சின்னம்மைக் கிருமி உடம்புக்குள் 10 முதல் 21 நாள் வரை ஒளிந்திருக்கும். முதல் பிள்ளை தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பள்ளிக்கு வரும் வாரத்தில் இரண்டாம் பிள்ளைக்குப் போடும். வீட்டில் இரண்டாவதாக விழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கொப்புளம் அதிகமாகவும் இருக்கும். இதற்காக அந்தக் குழந்தைகளையும் மூன்று வாரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கெடுவுக்குள் தினமும் காலையில் வகுப்பாசிரியர் அவர்கள் முகத்தையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆனால் அதற்கு, வீட்டில் அம்மை என்பது பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருப்பது யாருக்காக? வகுப்பில் ஒரு குழந்தை சிறுநீரக நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொன்று ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடித்து இப்போதுதான் திரும்பியிருக்கலாம். பாடம் நடத்தும் ஆசிரியை கருவுற்றிருக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு வார அவதியாகப் போய்விடும் சின்னம்மை இவர்களுக்கு உயிரோடு விளையாடும். தொற்று பட்ட சில நாள்களுக்குள் தெரிந்தால் தடுப்பு மருந்து கொடுக்க வழி இருக்கிறது. கொப்புளம் வந்தபின் தெரிந்தால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. ஒரு வீடு மறைத்த அம்மைக்கு இன்னொரு வீடு விலை கொடுப்பது இப்படித்தான். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை; தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்டவர்களுக்கே அந்தக் காப்பு. ஆகவே அரசுப் பள்ளி வகுப்பறையில் தகவல்தான் தடுப்பூசி.

இன்னொரு சங்கடம், சின்னம்மை நம் ஊரில் குளிர் விடும் மாதங்களில் கிளம்பிக் கோடை வரை நிற்கும். நம் பொதுத்தேர்வும் அப்போதுதான். தேர்வு நாளில் கொப்புளத்தை முழுக்கைச் சட்டையால் மூடிக்கொண்டு வருகிற பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மை கண்ட மாணவரைத் தனி அறையில் அமரவைத்து எழுதவிடும் நடைமுறை நம்மிடம் உண்டு. அது அந்த மாணவருக்கும் தாய்க்கும் தெரியாது என்பதுதான் குறை. டிசம்பர் மாதமே ஒவ்வொரு பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இதை வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும். பள்ளிகள் நடத்தும் மாதத் தேர்வுக்கும் திருப்புதல் தேர்வுக்கும் மறுதேர்வு உண்டு என்று முன்கூட்டியே சொன்னால், காய்ச்சலோடு வந்து எழுதுகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்பது என் நம்பிக்கை.

மணல்வாரி என்கிற தட்டம்மை வேறு விதம். முதல் மூன்று நான்கு நாள் காய்ச்சல், சளி, கண் சிவந்து நீர் வடிதல். பார்த்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். பிறகே காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் தடிப்பு தொடங்கி முகம் வழியாகக் கீழே இறங்கும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். தடிப்பு வந்து நான்கு நாள் வரை தொற்றும். நோயாளி எழுந்து போனபின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். அதாவது நமக்குத் தெரியவரும்போது வகுப்பு முழுவதும் அதைச் சுவாசித்து முடித்திருக்கும். வீட்டுக்கு அனுப்பும் விதி இங்கே பாதிக் காவல்தான், மறுபாதி தடுப்பூசி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் இது ஊருக்குள் நுழையத் திணறும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் பள்ளிகளில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பி, ஊசி போடும் நாளில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோர் எத்தனை பேர்! அந்த மனங்களை மாற்றியது அறிக்கைகளைவிட, தம் சொந்தப் பிள்ளைக்கு முதலில் போட்டுக் காட்டிய ஆசிரியர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும்தான். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு வணக்கம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் நீரும் பீளையும் நிற்கும் வரை வீட்டில். கறுப்புக் கண்ணாடி போட்டால் தொற்றாது, பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற இரண்டும் கட்டுக்கதை, ஒட்டுவது கையாலும் துண்டாலும். கைகால் வாய்ப் புண் நோய்க்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. 2022 மே மாதம் கேரளத்தில் அது தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரில் பரபரப்பாகி, வாளையாறு சோதனைச் சாவடியில் குழந்தைகளை நிறுத்திப் பார்க்கும் அளவுக்குப் போனது. அந்தக் கிருமி குணமான குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தணியும் வரை குழந்தை வீட்டில் இருக்கட்டும். அதற்குமேல் நிறுத்திவைத்துப் பயனில்லை. பயன் தருவது கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு குழாய், அதில் தண்ணீர், ஒரு சோப்பு. சானிடைசரைவிட இந்தக் கிருமிக்குச் சோப்புத் தண்ணீரே மேல்.

சொறி சிரங்கு மாணவர் விடுதிகளின் நோய். பகலில் தெரியாது, இரவில் பாயில் படுத்ததும் விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கும். ஒரு பையனை மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்துப் பார்த்திருக்கிறோம், அவன் தங்கை தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவான். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே இரவில் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுதும் பூச வேண்டும், காலையில் பாயும் போர்வையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். களிம்பு பூசிய மறுநாள் அவன் வகுப்புக்கு வரலாம். இரண்டு மூன்று வாரம் சொறிந்துகொண்டுதான் இருப்பான். அது தொற்று இருப்பதன் அடையாளம் கிடையாது என்று அடுத்த பெஞ்சுக்காரனுக்குச் சொல்லிவைப்பது ஆசிரியரின் வேலை. பேனுக்காகப் பெண் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதை அடியோடு விட்டுவிடலாம். சீப்பால் தீரும் காரியத்துக்குப் படிப்பைப் பலியிட வேண்டாம்.

சில நோய்களுக்கு விதியே கூடாது. டெங்கு வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால் டெங்கு வராது. பள்ளி மொட்டைமாடித் தொட்டியில் தேங்கிய தண்ணீரில் வளரும் கொசுவால் வரும். காசநோய்க்கு மருந்து தொடங்கிச் சில வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிள்ளை மருத்துவர் சொன்னதும் வரலாம். எச்.ஐ.வி. உள்ள குழந்தையைப் பள்ளியைவிட்டு நிறுத்துவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படியே கூடாது. சட்டத்துக்கு முன்பும் அது தவறுதான். சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே குழாயில் தண்ணீர் குடிப்பதாலோ அது பரவாது என்பது மருத்துவத்துக்குத் தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

பள்ளியையே மூடும் விதிக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1918 இலையுதிர்காலத்தில் ஸ்பானிஷ் ஃப்ளூ அமெரிக்க நகரங்களை வாரிக்கொண்டு போனபோது பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ போன்ற சில நகரங்கள் திறந்து வைத்தன. நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய பத்து லட்சம். அதில் முக்கால்வாசிப் பேர் காற்றோட்டமில்லாத நெரிசல் குடியிருப்புகளில். அந்த அறைகளுக்குத் திருப்பி அனுப்புவதைவிட, சுத்தமான காற்றோட்டமுள்ள பள்ளியில், தினமும் காலையில் ஆசிரியர் பார்க்க, செவிலியர் கவனிக்க இருப்பதே மேல் என்று நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்டும் குழந்தை நலப் பிரிவின் தலைவர் ஜோசஃபின் பேக்கரும் வாதாடினார்கள். அப்படிச் சொல்லும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பதினாறு ஆண்டுகளாகப் பள்ளியில் செவிலியர்கள் இருந்தார்கள். கண்காணிக்க ஆள் இல்லாத ஊர் அதே முடிவை எடுத்திருந்தால் அது பொறுப்பற்ற செயலாகியிருக்கும்.

நம்மிடம் ஆள் இல்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் சில மாதங்கள் மூடியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். புதிய கிருமி, தடுப்பூசி இல்லை, யாருக்கும் எதுவும் தெளிவில்லை. ஆனால் கடைகள், திரையரங்குகள் திறந்தபிறகும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி மூடியே இருந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றிருக்க வேண்டிய குழந்தை இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத் தன்னார்வலர்கள் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அந்த இடைவெளியை நிரப்பப் பாடுபட்டார்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்போது மூடுவது கடைசியாகவும் திறப்பது முதலாவதாகவும் இருக்க வேண்டும் என்று விதியில் இப்போதே எழுதிவைக்க வேண்டும், பதற்றம் வந்தபின் யாரும் நிதானமாக எழுத மாட்டார்கள்.

பள்ளியில் காய்ச்சலோடு கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளையை என்ன செய்வது? கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டில், தனியே உட்காரவைத்து அம்மாவுக்காகக் காத்திருக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஜன்னல் திறந்த ஓர் அறை அல்லது நிழலான வராந்தா, படுக்க ஒரு பெஞ்ச், குடிக்கத் தண்ணீர், முகக்கவசத்தோடு ஒரு பெரியவர் பக்கத்தில். பையன் தப்பு செய்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மற்ற பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும். பெயர் போகக் கூடாது. "வகுப்பில் ஒருவருக்கு அம்மை, மூன்று வாரம் கவனமாக இருங்கள்" என்றால் வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. ஒரே வகுப்பில் ஒரே அறிகுறியோடு இரண்டு மூன்று பேர் விழுந்தால் தலைமையாசிரியர் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று அதிகாரிகள் நடந்துகொண்டால் பள்ளியும் அந்தத் தாயைப் போலவே மறைக்கத் தொடங்கும்.

திரும்பி வருவதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆறிப்போன சின்னம்மைக்குச் சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று, பலசமயம் காசும் கொடுத்து ஒரு காகிதம் கொண்டுவருகிறார்கள். பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பார்க்க வகுப்பாசிரியரின் கண் போதாதா? தொண்டை அடைப்பான் போன்ற சில கொடிய நோய்களுக்கு மட்டும் மருத்துவமனைப் பரிசோதனை முடிவு வேண்டும்.

விதி மாணவருக்கு மட்டும் என்றால் அது பாதி விதி. ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும்; அதனால் அவரும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். வாந்திபேதி கண்ட சத்துணவுச் சமையலர், அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அடுப்படிக்கு வரக் கூடாது. ஆனால் அவருக்கு மாற்று யார்? ஒன்றியத்துக்குச் சிலராவது மாற்றுப் பணியாளர்கள் இல்லாமல் இந்த விதிகள் காகிதத்தில்தான் இருக்கும். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு 2013க்குப் பின் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை வருகிறது. பிறவிக் குறைபாடுகளையும் ரத்தசோகையையும் கண்டுபிடிப்பதில் அவர்கள் செய்யும் பணி பெரிது. ஆனால் மார்ச் மாதச் சின்னம்மைக்கு ஆகஸ்டில் வந்துபோன குழு உதவாது. நடந்து போகும் தூரத்தில் உள்ள சில பள்ளிகளுக்குச் சேர்த்து நிரந்தரமாக ஒரு செவிலியர் வேண்டும். மாலையில் வீட்டுக்கும் போகிற செவிலியர்.

கடைசியாக, அந்தத் தாயின் கூலி. சுவீடனில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெற்றோர் வேலைக்கு விடுப்பெடுத்துக்கொண்டு சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அரசுக் காப்பீட்டிலிருந்து பெறலாம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை. நம் நாட்டில் நாளைக்கே அது வரும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலிருந்து இருக்கிறது. மற்ற அமைப்புசாராத் தொழில்களுக்கும் வாரியங்கள் இருக்கின்றன. பிள்ளையின் கல்விக்கு அவை உதவித்தொகை தருகின்றன. தொற்றுநோய்க்காகப் பள்ளி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்கு, தலைமையாசிரியர் கடிதம் ஒன்றைக் காட்டினால் தாய்க்கோ தந்தைக்கோ ஐந்து நாள் கூலியை அந்த வாரியம் தரும் என்று ஒரு சிறு திட்டம் கொண்டுவர முடியாதா? மூன்று வரிக் கடிதம்: பிள்ளையின் பெயர், வீட்டில் இருக்க வேண்டிய நாள்கள், தலைமையாசிரியர் கையொப்பம். நோயின் பெயர்கூட அதில் தேவையில்லை. அந்தக் கடிதத்தின் மாதிரியையும், வாரியத்துக்கு அனுப்ப ஒரு கோரிக்கை மனுவையும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசை மேசையில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, கையெழுத்திட விரும்புகிறவர்கள் கையெழுத்திடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.